மறியலில் இருப்பவருக்குக் கடிதம் எழுத விரும்புகிறவர்களுக்கு

மறியலில், அதாவது சிறையில், இருக்கிற ஒருவருக்குக் கடிதம் எழுத ஆசை என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இரண்டு வருடமாவது விடாமல் எழுதுவீர்களா? ஜெபம் சொல்ல வருமா, பைபிள் எவ்வளவு தெரியும், தமிழ் அழகாக ஓடுமா என்பதெல்லாம் பிறகு. நான் தபாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முன்னர், அது சொன்ன காலத்தில் வந்ததா என்றுதான் என் கண் போகும். தொழில் புத்தி என்று வீட்டில் சிரிப்பார்கள். சரி, இருக்கட்டும். உள்ளே இருப்பவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

தொடக்கநூலில் யோசேப்பு எகிப்தில் சிறையில் கிடக்கிறான். கூட இருந்த பானம் பரிமாறுகிறவனின் கனவுக்கு நல்ல பலன் சொல்லிவிட்டு, வெளியே போனதும் அரசனிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்கிறான். அந்த மனிதன் வெளியே போனான், மறந்துவிட்டான். இரண்டு வருடம் போயிற்று. அவன் கெட்டவன் என்று வேதம் சொல்லவில்லை. பழைய வேலை திரும்பக் கிடைத்திருக்கும், அலுவல் கூடியிருக்கும், அவ்வளவுதான். கடிதம் எழுதத் தொடங்கி இடையில் விட்டவர்கள் என்று நான் கண்டவர்கள் எல்லோரும் அந்த வகைதான். தவக்காலத்தில் உருகித் தொடங்குவார்கள். வைகாசியில் பிள்ளைக்குச் சோதனை வரும். ஆடியில் கனடாவில் இருந்து தங்கச்சி குடும்பம் வந்து நிற்கும். உள்ளே இருப்பவருக்கு இந்த விபரம் ஒன்றும் தெரியாது. போன கடிதத்தில் தான் ஏதோ பிழையாக எழுதிவிட்டேன் என்றே நினைப்பார். அதனால் முடியாது என்றால் தொடங்காதீர்கள். அரிசி மூட்டையோ சவர்க்காரமோ கொடுத்து உதவ வேறு வழி எத்தனையோ இருக்கிறது.

பெயர் எங்கே கிடைக்கும்

பேப்பரில் வழக்குச் செய்தி பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு எழுதத் தொடங்க வேண்டாம். இரக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி விடுப்புப் பார்க்கிற ஆவலாக இருக்கும். உங்கள் பங்குப் பாதரிடம் போங்கள். சிறைக்குப் பூசை வைக்கப் போகிற குருவானவர் யார் என்று அவருக்குத் தெரியும். பல பங்குகளில் வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது. 1833இல் பாரிசில் சில மாணவர்கள் தொடங்கிய சபை அது, ஏழைகளைத் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் வேலை. அங்கே கேட்டாலும் வழி சொல்வார்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்தியத் திருச்சபைக்காரர் தங்கள் போதகரிடம் கேட்கலாம். சிறைச்சாலைக்குள்ளே நலன்புரி அதிகாரி ஒருவர் இருப்பார். கடைசியில் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும், ஆகவே அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது.

பெயர் தருபவரிடம் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதம் வருவதில் அந்த ஆளுக்கு விருப்பமா? தமிழ் வாசிப்பாரா? விளக்கமறியலா, தண்டனைக் கைதியா? வீட்டில் இருந்து பார்க்க யாராவது வருகிறார்களா? நாலாவதுக்கு ‘ஒருவரும் இல்லை’ என்று பதில் வந்தால் நான் அவரைத்தான் எடுப்பேன். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் எழுதுவது என்று, கடிதம் எழுதுகிற எங்கள் குழுவில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். பழைய காலத்து எண்ணம் என்று இளம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். தனிமையில் இருக்கிறவருக்கு மாதாமாதம் அன்பாக ஒரு கடிதம் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு முணுமுணுக்கட்டும்.

விளக்கமறியலில் இருப்பவருக்குத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. தவணை தவணையாக நீதிமன்றம் போய் வருவார். பிணை கிடைத்தால் நாளைக்கே வீட்டில் இருப்பார். அவருக்கு எழுதும்போது வழக்கைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர் என்றால் இன்னும் கவனம். 1979இல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பில்லாமல் வருடக்கணக்காக உள்ளே கிடந்தவர்களை யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? வழக்கு, இயக்கம், அரசியல் மூன்றையும் தொடாதீர்கள். நீங்கள் நல்ல மனதோடு எழுதுகிற ஒரு வரி அவருக்குத்தான் வில்லங்கமாக முடியும்.

மரண தண்டனை விதிக்கப்பட்டவருக்கு எழுதப் பயப்படுகிறவர்கள் உண்டு. இலங்கையில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1976இல். அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன, நிறைவேற்றுவதில்லை. ஆகவே அப்படித் தீர்ப்பு வாங்கியவர் பல வருடம் உள்ளேயே வாழ்கிறார், வீட்டார் வருவதும் வரவரக் குறைகிறது. நிதானமாக நீண்ட காலம் எழுதக்கூடியவர் என்றால் அவரைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணச் சிறை பண்ணையில் இருக்கிறது, எனக்குச் சைக்கிள் தூரம். வடக்குப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடாது. வவுனியா, அனுராதபுரம், கொழும்பு மகசின், வெலிக்கடை என்று பரந்து கிடக்கிறார்கள். கொழும்பில் இருக்கிற மகனைப் பார்க்க ஒரு தாய் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, வரிசையில் நின்று, சில நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வெலிக்கடை என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் வயது போனவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1983 யூலை 25, 27 இரண்டு நாளில் 53 தமிழ்க் கைதிகளை அங்கே அடித்துக் கொன்ற கதை அவர்களுக்கு நேற்றையது மாதிரி. அங்கே மகன் இருக்கும் வீட்டுக்கு அவன் நலமாக இருக்கிறான் என்று யார் வழியாகச் சேதி வந்தாலும் பெரிய காரியம். அந்தச் சேதியைச் சேர்ப்பதும் சில வேளை நம் தலையில் வரும்.

தாள், உறை, முத்திரை

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட கொப்பித் தாள் போதும், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கடிதத்தை முதலில் வாசிக்கப் போகிறவர் ஒரு அதிகாரி. ஆறு பக்கம் எழுதினால் அது ஒரு ஓரத்தில் கிடக்கும். தெற்கில் உள்ள சிறை என்றால் தமிழ் வாசிக்கக்கூடிய அதிகாரி கைக்கு அது போக வேண்டும். தெளிவான எழுத்தில் சுருக்கமாக இருந்தால் அவருக்கும் லேசு. நீலப் பேனை, பெரிய எழுத்து. சட்டைப் பையில் மடித்து வைத்து வியர்வையில் நனைந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஜெல் பேனை மை ஊறிவிடும், அது வேண்டாம். ஸ்டேப்பிள் கம்பி, பளபளப்பு ஒட்டிய கிறிஸ்மஸ் கார்ட், வாசனைத் தாள், உள்ளே ஒட்டிய படம் ஒன்றும் வேண்டாம். திருச்சுரூபப் படம் வைக்க ஆசைப்பட்டால் நலன்புரி அதிகாரியிடம் முதலில் கேளுங்கள்.

உறையில் அவருடைய முழுப் பெயர், சிறை இலக்கம், சிறைச்சாலையின் பெயர், ஊர். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரு கூடத்தில் இருப்பது சாதாரணம், இலக்கம் இல்லாமல் அனுப்பாதீர்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் வீட்டு விலாசம் வேண்டாம். பங்கு அலுவலகத்து விலாசத்தைப் போடுங்கள், பாதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். கடிதத்தின் கீழே முதற்பெயர் மட்டும் போதும். இங்கிலாந்தில் பிரிசன் பெலோஷிப் அமைப்பு நடத்துகிற கடிதத் திட்டத்திலும் எழுதுபவர் முதற்பெயரோடு நிறுத்திக்கொள்வார், கடிதம் அமைப்பின் வழியாகவே போய் வரும். வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள் அந்தந்த நாட்டு ஒழுங்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2018இல் இருந்து கைதிக்கு மூலக் கடிதத்தைக் கொடுப்பதில்லை, ஸ்கான் செய்த பிரதிதான் கொடுக்கிறது. கையால் பூ வரைந்து அனுப்பினால் கறுப்பு வெள்ளையில் போய்ச் சேரலாம்.

2022 ஓகஸ்டில் சாதாரணக் கடித முத்திரை 15 ரூபாயில் இருந்து 50 ரூபாய்க்கு ஏறிற்று. பதில் எழுத அவருக்கும் அந்தச் செலவு உண்டு என்பதை யோசித்துப் பாருங்கள். முத்திரை ஒட்டிப் பங்கு அலுவலகத்து விலாசம் எழுதிய உறை ஒன்றை உள்ளே வைக்கலாமா என்று சிறையில் கேளுங்கள். சில இடம் விடும், சில இடம் விடாது. விடாத இடத்தில் பாதர் போகும்போது பதிலைக் கேட்டு வாங்கி வர ஒழுங்கு செய்யலாம்.

பண்ணை பக்கத்தில்தானே, சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். நான் தபாலில்தான் போடுகிறேன். கையில் கொண்டுபோனால் அது ஒரு அதிகாரியிடம் கேட்கிற உதவியாகிவிடும். இன்றைக்குச் சிரித்து வாங்குவார், நாளைக்கு வேறொருவர் நிற்பார். தபாலில் போனால் முத்திரைக் குத்தில் திகதி விழும். சிறைவாசி கண்காணிப்போடு தன் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கடிதத் தொடர்பு வைத்திருக்கலாம் என்பது 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளிலேயே இருக்கிறது. கெஞ்சிக் கொடுக்க வேண்டிய பொருள் இல்லை அது.

முதல் கடிதம்

முதல் கடிதத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒன்றில் பிரசங்கம் வைப்பார்கள், அல்லது ‘உங்கள் துன்பம் எனக்குப் புரிகிறது’ என்று தொடங்குவார்கள். புரியாது. ஏன் உள்ளே போனீர்கள் என்றும் கேட்காதீர்கள். மத்தேயு 25இல் ஆண்டவர் சிறையில் இருந்தவரைத் தேடி வந்தவர்களைப் பாராட்டுகிறார், என்ன வழக்கு என்று அவர்கள் விசாரித்ததாக அங்கே ஒன்றும் இல்லை. அவராகச் சொன்னால் வாசியுங்கள், அதற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

நான் எழுதுகிற முதல் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“அன்புள்ள தம்பிக்கு, உங்கள் பெயரைப் பாதர் தந்தார். கடிதம் வந்தால் வாசிப்பேன் என்று நீங்கள் சொன்னதாகவும் சொன்னார். நான் குருநகரில் இருக்கிறேன், தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன், கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன். மாதத்தின் முதல் சனிக்கிழமை உங்களுக்கு எழுதுவேன். நீங்கள் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் எழுதுவேன், அதைக் கடனாக நினைக்க வேண்டாம். காசு, வழக்கு இரண்டிலும் என்னால் உதவ முடியாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். இங்கே இரண்டு நாளாக மழை. முற்றத்து முருங்கை முறிந்து வேலிக்கு மேலே விழுந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரருக்கும் எனக்கும் அது யாருடைய முருங்கை என்று இன்னும் தீரவில்லை, காயை மட்டும் இரண்டு வீடும் பிடுங்குகிறோம். உங்கள் ஊரில் மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த மாதம் எழுதுகிறேன்.”

அவ்வளவுதான். பதில் வராவிட்டாலும் எழுதுவேன் என்றும், எதில் உதவ முடியாது என்றும் சொல்கிற இரண்டு இடத்தையும் யாரும் விடக்கூடாது. கடைசியில் பதில் சொல்ல லேசான ஒரு கேள்வி. முருங்கைக் கதைக்கு நான் நினைக்காத அளவுக்குப் பதில் வந்தது. வேலிச் சண்டைக்கு மறியலுக்குள்ளே இருந்து தீர்ப்பு எழுதினார்கள், ஒருவர் அல்ல, அந்தக் கூடத்தில் கடிதம் கேட்ட எல்லோரும். இன்னொன்றும் அதில் தெரிந்தது. நீங்கள் ஒருவருக்கு எழுதினாலும் அதை யாராவது சத்தமாக வாசிப்பார்கள், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். அவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்னதை உங்கள் பதிலில் திருப்பி எழுதாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதலாமா என்று ஒரு விவாதம் எங்கள் குழுவில் முடியாமல் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் வாயைக் கிளறுவது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒடியல் கூழ் காய்ச்சினோம் என்று எழுதினால், தன் அம்மா நண்டை எப்போது போடுவாள் என்று பதில் வருகிறது. அம்மாவைப் பற்றி எழுத அவருக்கு அது ஒரு வாசல். ஆனால் கலியாணவீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டுப் பயணம் என்று நம் சந்தோஷங்களை அடுக்குவது வேறு. அதில் அளவு வேண்டும்.

கிறிஸ்தவர் என்பதை எப்படிச் சொல்வது

முதல் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். அதற்கு மேலே அவர் கேட்கட்டும். யாழ்ப்பாணச் சிறையில் இருப்பவர்களில் கூடுதலானோர் சைவக்காரர். மதமாற்றம் என்ற சொல் இந்த ஊரில் எவ்வளவு சூடானது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவுக்கு வெளியே போக முடியாத ஒருவருக்கு மாதாமாதம் துண்டுப்பிரசுரம் அனுப்புவது நேர்மையான காரியமாக எனக்குப் படவில்லை. அவருக்காக ஜெபியுங்கள், ஜெபிக்கிறேன் என்று எழுதுங்கள், அதற்கு யாரும் கோபித்ததில்லை.

ஒரு சைவத் தம்பி தேவாரம் ஒன்று எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து வைத்தபோது அவர் பாடிய பதிகம். எனக்கு அது முழுதாகத் தெரியாது. பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போய்க் கேட்டு, பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. மறியலில் இருந்தவரின் பாட்டை மறியலில் இருப்பவர் கேட்கிறார், இதில் என்ன குறை?

கிறிஸ்தவர் என்றால் வேறு. அவர் வசனம் கேட்பார். பவுலடியார் சிறையில் இருந்து எழுதியவற்றை அனுப்புங்கள்: பிலிப்பியர், பிலமோன். நல்ல நோக்கத்தில் சிலர் திருவெளிப்பாடும் நியாயத்தீர்ப்பும் எழுதி அனுப்புகிறார்கள். தீர்ப்பு வாங்கியவருக்கு இன்னொரு தீர்ப்பா? திருப்பாடல்களில் கோபமும் புலம்பலும் இருக்கிறவற்றை விடாமல் எழுதுங்கள். ‘என் உள்ளுக்குள் இருப்பது பைபிளிலேயே இருக்கிறதே’ என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு.

கேட்பார்கள்

கட்டாயம் கேட்பார்கள். சவர்க்காரம், செருப்பு, சாரம், பற்பசை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பவுலே திமொத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டு வந்த மேலாடையைக் கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டு வா என்று கேட்கிறார். கேட்பதைக் குழுவிடம் சொல்லுங்கள், பாதர் வழியாக, நலன்புரி அதிகாரி அனுமதிக்கிறதை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். நீங்களாகத் தனியாக அனுப்பினால் அந்தக் கூடத்தில் உங்கள் ஆளுக்கு ஒரு மாதிரியான இடம் உண்டாகும், அது நல்லதல்ல.

இன்ன இலக்கத்துக்குக் காசு போடுங்கள் என்று கடிதம் வந்தால் போடாதீர்கள், கோபிக்கவும் வேண்டாம். சில வேளை அதை எழுதச் சொன்னவர் வேறொருவராக இருப்பார். ‘முதலே சொன்னேன் தம்பி, என்னால் முடியாது’ என்று ஒரு வரி எழுதி, அடுத்த வரியில் மழைக்குப் போய்விடுங்கள். ‘தங்கச்சியைப் போய்ப் பார்த்து வாருங்கள்’ என்று கேட்டால் உடனே சைக்கிளை எடுக்கக்கூடாது. அந்த வீட்டுக்கு அது விருப்பமா என்று பாதர் முதலில் விசாரிக்கட்டும்.

சுதந்திர தினம், வெசாக், கிறிஸ்மஸ் வரும்போது பொதுமன்னிப்புக் கதை கிளம்பும். ‘இந்த முறை உங்கள் பெயர் இருக்கும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இராமேஸ்வரத்துப் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 தொடங்கி யூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் இறங்க, எல்லை தாண்டி வருகிறவர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கத் தொடங்கும். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நீதிமன்றங்கள் விளக்கமறியலில் வைக்க, யாழ்ப்பாணச் சிறையில் இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடத்துப் பேச்சுக் கேட்கும். அவர்களில் பலர் நம் சபைக்காரர், அந்தோனியார் பெயரைச் சொன்னால் முகம் மலரும். ஒருவர் என்னிடம் கேட்டது கச்சதீவுத் திருவிழாவின் திகதியை. எழுதலாம், ஆனால் இவர்களுக்கு எழுதுவது குறுகிய காலக் கடிதம். விடுதலையாகி ஊருக்கு அனுப்பிவிட்டால் உங்கள் உறை பிரிக்காமலே திரும்பி வரும். அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் கடற்றொழில்காரர். அக்கரைப் படகுகள் கடலடியில் இழுத்துப் போகிற இழுவைமடி அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. 2017இல் அந்தத் தொழிலை இங்கே சட்டம் போட்டுத் தடுத்தபிறகும் அக்கரைப் படகுகள் வருவது நிற்கவில்லை. ‘என்ரை வலையை அறுத்தவனுக்கோ எழுதுறாய்?’ என்று ஒரு நாள் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. கடிதத்தில் வலையைப் பற்றி எழுதவும் இல்லை. மச்சான் இப்போதும் என்னோடு கதைக்கிறார், இந்த விஷயத்தைத் தவிர.

பதில் வராத காலம்

இரண்டு மூன்று மாதம் ஒன்றும் வராமல் போகும். வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், சுகமில்லாமல் இருப்பார், அல்லது எழுத மனம் இல்லை. நலன்புரி அதிகாரியிடம் ஒரு முறை விசாரியுங்கள், அப்புறம் வழக்கம் போலத் திகதிக்கு எழுதுங்கள். ‘ஏன் பதில் போடவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெளியே வந்தபின் சந்திக்கலாமா? முதல் சந்திப்பு கோயில் வளவிலோ பங்கு அலுவலகத்திலோ பாதர் இருக்கும்போது நடக்கட்டும், உங்கள் வீட்டில் வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன ஊர், மறியற்காரன் என்ற பெயர் ஒட்டினால் லேசில் போகாது. சந்தையில் கண்டால் நீங்கள் முந்திக்கொண்டு கூப்பிடாதீர்கள், அவர் சிரித்தால் சிரியுங்கள். கூட நிற்கிறவர், ‘இந்தத் தம்பியை எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் தபால் பழக்கம் என்று சொல்வேன். நான் தபாற்காரன் என்று ஊருக்குத் தெரியும், அதற்கு மேலே யாரும் கேட்பதில்லை.